சிகரெட்டை நிறுத்த மனசு வரவைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"விடணும்னு தெரியும், ஆனா மனசு வரமாட்டேங்குது." தம்மடிக்கிற யாரிடம் பேசினாலும் ஐந்து நிமிடத்தில் இந்த வரி வந்துவிடும். கெடுதல் என்று தெரியாதவர் யாரும் இல்லை, பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படமே பிடித்துக்கொண்டிருக்கிறது, வீட்டில் சொல்லாத நாள் இல்லை. விட ஆசையும் இல்லாமல் இல்லை. 2016-17இல் இந்தியா முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விடுவதைப் பற்றி யோசிப்பதாகவோ திட்டமிடுவதாகவோதான் சொன்னார்கள். அந்த ஆசை முடிவாக மாறும் இடத்தில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்.

ஒரு நாள் காலையில் எழுந்தால் மனசு தானாக மாறியிருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் வருடக்கணக்கில் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். என் அனுபவத்திலும், சிகரெட்டை விட்டு நான் பார்த்தவர்கள் அனுபவத்திலும், மனசு முதலில் வந்து அப்புறம் வேலை ஆரம்பித்ததில்லை. சின்னச் சின்ன வேலைகளைச் செய்யச் செய்யத்தான் அது வந்தது. அந்த வேலைகளைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். சிலது ஒரு மாலைப்பொழுதில் முடியும், சிலதுக்கு ஒரு வாரம் ஆகும். ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், போனில் எழுதினாலும் சரி. பீடி பிடிப்பவர்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

படி 1: இரண்டு மனசாக இருப்பதை ஒத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு எண் போடுங்கள்

விடவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும் என்று ஒரே நேரத்தில் தோன்றுவது பலவீனம் கிடையாது, எல்லாப் பழக்கத்திலும் இப்படித்தான். மனநல ஆலோசகர்கள் இதை வைத்தே ஒரு முறையை வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வில்லியம் மில்லர் 1983இல் எழுத ஆரம்பித்து, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கியது. அந்த முறையில் பயன்படும் ஒரு சின்ன கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நோட்டில் 0 முதல் 10 வரை ஒரு கோடு போடுங்கள். "விடுவது எனக்கு எவ்வளவு முக்கியம்?" என்று கேட்டு ஒரு எண்ணை வட்டமிடுங்கள். 4 என்று போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே "ஏன் 9 வரவில்லை" என்று யோசிக்கத்தான் தோன்றும், அதைச் செய்யாதீர்கள், அது சாக்குகளைத்தான் வெளியே கொண்டுவரும். "ஏன் 1 போடவில்லை?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் வாயிலிருந்து வரும் பதில்கள் அத்தனையும் நீங்களே சொல்லும் காரணங்கள்: மாடி ஏறினால் இளைக்கிறது, பையன் பார்த்துவிட்டான், அப்பாவுக்கு வந்த மாதிரி நெஞ்சுவலி எனக்கும் வருமோ என்று இருக்கிறது. டாக்டர் சொன்னதையோ மனைவி சொன்னதையோ எதிர்த்துப் பேசிவிடலாம், நாமே சொன்னதை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். பதில்களை அப்படியே எழுதி வையுங்கள்.

இரண்டாவது கோடு: "முடிவு செய்தால் என்னால் விட முடியும் என்று எவ்வளவு நம்புகிறேன்?" இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். முக்கியம் என்பதில் எண் குறைவாக இருந்தால் அடுத்த இரண்டு படிகளில் நிறைய நேரம் செலவிடுங்கள். முக்கியம் 8, நம்பிக்கை 2 என்று இருந்தால் நேராக நான்காவது படிக்கும் எட்டாவது படிக்கும் போங்கள். "மனசு வரவில்லை" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் இருப்பது நம்பிக்கைக் குறைவுதான். பல தடவை முயன்று திரும்பப் பிடித்தவர்களுக்கு, மறுபடி தோற்க வேண்டாமே என்ற பயம் ஆசையையே மூடி வைத்துவிடுகிறது.

படி 2: சிகரெட் உங்களுக்கு என்ன தருகிறது என்று நேர்மையாக எழுதுங்கள்

ஒன்றும் தரவில்லை என்று எழுதினால் பொய். டீயோடு ஒரு சுகம், ஆபீஸில் மேனேஜரிடம் திட்டு வாங்கிவிட்டு வெளியே வந்து நிற்க ஒரு காரணம், காலையில் வயிறு சரியாகப் போக ஒரு தூண்டுதல், நண்பர்களோடு நிற்கும் பத்து நிமிடம். எல்லாவற்றையும் எழுதுங்கள். விட்ட பிறகு இந்த இடங்களில்தான் காலியாக இருக்கப்போகிறது, அங்கே என்ன வைக்கலாம் என்று இப்போதே தெரிந்தால் நல்லது.

எழுதிய பிறகு, "டென்ஷன் குறைகிறது" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அநேகமாக இருக்கும். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். புகையை இழுத்த 10 வினாடி அளவில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது இறங்க இறங்க ஒரு எரிச்சல், கவனம் நிற்காமை, ஏதோ குறைகிற மாதிரி ஒரு தவிப்பு. அடுத்த சிகரெட் அந்தத் தவிப்பை அணைக்கிறது, அதை நாம் டென்ஷன் குறைந்ததாக எடுத்துக்கொள்கிறோம். வீட்டுக் கடனோ மேனேஜரோ அப்படியேதான் இருக்கிறார்கள். தவிப்பை உண்டாக்கியதும் முந்தைய சிகரெட், அணைப்பதும் சிகரெட். சும்மா வாதத்துக்காக இதைச் சொல்லவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, விட்டவர்களுக்கு மனப்பதற்றமும் சோர்வும் மன அழுத்தமும், தொடர்ந்து பிடித்தவர்களோடு ஒப்பிட்டால் குறைந்திருந்தது என்று காட்டியது. முதல் சில வாரம் மோசமாக இருக்கும், அதற்குப் பிறகு இப்போது இருப்பதைவிட நிதானமாக இருப்பீர்கள்.

படி 3: உங்களுக்கென்று ஒரு காரணம், பக்கத்தில் இருக்கும் காரணம்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். 25 வயதுப் பையனிடம் 60 வயதில் வரப்போகும் புற்றுநோயைச் சொன்னால் அவனுக்கு உறைக்காது. தூரத்தில் இருக்கும் பயம் இன்றைக்குக் கையிலிருக்கும் சிகரெட்டைக் கீழே போட வைக்காது. அதனால் பெரிய காரணத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தினமும் பிடித்துக்கொள்வதற்கு ஒரு சின்ன காரணம், இந்த வாரமே தெரியக்கூடிய காரணம், தனியாக வேண்டும்.

பெரிய காரணம் முதலில். பிரிட்டனில் 34,000க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களை 1951 முதல் ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்து, ரிச்சர்ட் டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் 2004இல் முடிவை வெளியிட்டார்கள். புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 வருடம் முன்னதாக இறந்திருந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து வருடமும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பக் கிடைத்தது. 40இல் விட்டவர்களுக்கு 9 வருடம், 50இல் 6, 60இல் விட்டவர்களுக்குக்கூட 3 வருடம். "இவ்வளவு நாள் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன" என்று சொல்லும் பெரியவர்களிடம் அந்தக் கடைசி எண்ணைச் சொல்லுங்கள். நம் நாட்டைப் பற்றி 2008இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்குச் சுமார் 10 வருடமும், பீடி பிடிக்கும் ஆண்களுக்குச் சுமார் 6 வருடமும், பீடி பிடிக்கும் பெண்களுக்குச் சுமார் 8 வருடமும் ஆயுள் குறைவதாகக் கணக்கிட்டது. அதில் மாரடைப்போடு காசநோய் மரணங்களும் அதிகம், இதை இங்கே யாரும் பேசுவதில்லை. வீட்டிலோ வேலையிடத்திலோ யாருக்காவது டிபி வந்திருந்தால் இதைச் சும்மா கடந்து போகாதீர்கள்.

"நான் ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டுதானே" என்பவர்களுக்கு: 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி வந்துவிடுகிறது. குறைத்துக்கொண்டோம் என்ற திருப்தி இதயத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை.

இனி பக்கத்துக் காரணங்கள். கடைசி சிகரெட்டுக்கு 20 நிமிடத்தில் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பிக்கும். 12 மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு வந்துவிடும், அதாவது இன்று ராத்திரி நிறுத்தினால் நாளைக் காலையில் உங்கள் ரத்தம் ஆக்சிஜனை ஒழுங்காகச் சுமக்கும். சில வாரத்தில் ஓட்டமும் நடையும் எளிதாகும், சில மாதத்தில் இருமல் குறையும். ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்து, தொடர்ந்து பிடிப்பவருடைய ஆபத்தில் ஏறக்குறைய பாதியாகிறது. சுகர் இருப்பவர்கள் அல்லது அப்பா அம்மாவுக்குச் சுகர் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், புகைப்பவர்களுக்கு டைப் 2 சர்க்கரைநோய் வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் கூடுதல். ஆண்மைக் குறைவுக்கும் புகைப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு, ரத்தக்குழாய் சுருங்கினால் எல்லா இடத்திலும்தான் சுருங்கும். கல்யாணமாகிக் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் ஏதாவது வரப்போகிறது என்றால், நான்கு வாரம் முன்பே விட்டால் காயம் ஆறுவதும் மயக்க மருந்தைத் தாங்குவதும் நன்றாக இருக்கும்.

பணம். உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். ஒன்று 18 ரூபாய் என்று வைத்து, ஒரு நாளைக்குப் பத்து என்றால் 180 ரூபாய், மாதம் 5,400, வருடத்துக்கு 65,700. லூஸில் ஒன்று இரண்டாக வாங்குவதால் இந்தத் தொகை கண்ணில் படுவதே இல்லை. வெறும் எண்ணாக விடாதீர்கள். பொண்ணுடைய ஸ்கூல் ஃபீஸா, வண்டி டியூவா, அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப் போவதா, ஒரு பெயர் கொடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இவற்றில் எது உங்கள் வயிற்றில் கொஞ்சம் பிசைந்ததோ அதை எடுத்து ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "உடல்நலத்துக்காக" என்று எழுதினால் நிற்காது. "என் பொண்ணு கன்னத்துல முத்தம் குடுக்கும்போது மூஞ்சியைத் திருப்பக் கூடாது" என்று எழுதினால் நிற்கும். வேறு யாருக்கும் அது சின்ன விஷயமாகத் தெரியலாம், பரவாயில்லை. அந்த வாக்கியத்தைப் போனின் முதல் திரையில் வையுங்கள், பர்ஸில் காசு எடுக்கும் இடத்தில் ஒரு துண்டுச் சீட்டாகவும் வையுங்கள், ஏனென்றால் பெட்டிக்கடையில் கை போகும் இடம் அதுதான்.

படி 4: ஏற்கெனவே விட்டிருக்கிறீர்கள், அதைத் திரும்பிப் பாருங்கள்

ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிற ஆள், கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் 41 நாளோ 48 நாளோ தொடாமல் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீங்களே அப்படி இருந்திருக்கலாம். ரமலானில் விடியலிலிருந்து மாலை வரை பதின்மூன்று மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். தவக்காலத்தில் நாற்பது நாள் நிறுத்துபவர்களும் உண்டு. நிக்கோட்டின் இல்லாமல் உடம்பு படும் கஷ்டம் முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியென்றால் மாலை போட்ட ஒருவர் மலை ஏறும்போது அவருடைய உடம்பு சிகரெட்டை ஏற்கெனவே விட்டுவிட்டது! கஷ்டமான பகுதி முழுவதையும் தாண்டிவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றைக்கே திரும்பப் பற்றவைக்கிறார்.

அந்த நாட்களில் எது உதவியது என்று யோசித்துப் பாருங்கள், பக்தி ஒன்று மட்டும் இல்லை. "இன்னைக்குப் பிடிக்கலாமா வேண்டாமா" என்ற விவாதமே மனசுக்குள் கிடையாது, அந்தக் கதவு மூடியாகிவிட்டது. சுற்றியிருக்கிறவர்களும் உங்களை வேறு ஆளாகப் பார்த்தார்கள், "சாமி" என்று கூப்பிட்டார்கள், எப்போதும் நெருப்பு கேட்கும் நண்பன்கூட உங்கள் பக்கத்தில் பற்றவைக்காமல் தள்ளிப் போனான். காலையில் எழும் நேரம், குளியல், சாப்பாடு எல்லாம் மாறியது. விதி ஒன்று, சுற்றம் ஒன்று, புதிய நாள் ஒழுங்கு ஒன்று. இந்த மூன்றையும் மாலை இல்லாமலும் அமைத்துக்கொள்ளலாம், அடுத்த படிகள் அதற்குத்தான். அங்கே இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான், 42ஆவது நாளுக்கு ஒரு காரணம். அதை நீங்கள் மூன்றாவது படியில் எழுதிவிட்டீர்கள்.

"முடியாது" என்ற கதவு மூடியிருந்தால் தவிப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு ஒரு அழகான சான்று உண்டு. இஸ்ரேலில் புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களை வைத்து 2010இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே ஆட்களை மூன்று முதல் ஐந்தரை மணி நேரப் பயணத்திலும் பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்திலும் கேட்டுப் பார்த்தார்கள். கடைசி சிகரெட் பிடித்து எவ்வளவு நேரமானது என்பதைவிட, இறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே தவிப்பு ஏறியது. குறுகிய பயணத்தின் முடிவில் தவித்த அதே ஆள், நீண்ட பயணத்தில் அதே நேரத்தில் அவ்வளவு தவிக்கவில்லை. கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புதான் பாதித் தவிப்பு. "குறைச்சுக்கிறேன்", "வீக்எண்டுல மட்டும்" என்பதெல்லாம் ஏன் இவ்வளவு வேதனையாக இருக்கிறது என்பதற்கும் இதுவே பதில்.

நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, நீங்கள் பிடிக்காமல் இருந்த நீண்ட காலங்களையெல்லாம் எழுதுங்கள். விரதம், காய்ச்சல், ஆஸ்பத்திரி, மாமனார் வீட்டில் தங்கிய நாட்கள். தோற்றுப்போன முயற்சிகள் என்று நினைத்தவற்றையும் இதே பக்கத்தில் எழுதுங்கள், அவையும் இதே வகைதான்.

படி 5: மூன்று நாள் கணக்கு

இன்னும் விட வேண்டாம், எப்போதும் போலப் பிடியுங்கள். ஒவ்வொரு தடவையும் பற்றவைக்கும் முன் நேரம், இடம், யாரோடு, எவ்வளவு வேண்டும்போல இருந்தது என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள். மூன்றாவது நாள் முடிவில் பார்த்தால், பாதி சிகரெட்டுகள் உண்மையில் வேண்டாமலே பிடித்தவை என்று தெரியும். ஒருவர் நீட்டினார், டீ வந்தது, பஸ் வரவில்லை.

முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அரை மணி நேரத்துக்குள் என்றால் உடம்பு நிக்கோட்டினுக்கு நன்றாகப் பழகியிருக்கிறது, மன உறுதி மட்டும் போதும் என்று இறங்காமல் எட்டாவது படியில் சொல்லும் உதவியை முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: நாள் குறிப்பது

அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். பொங்கலுக்கு, பிறந்தநாளுக்கு, புது வருஷத்துக்கு என்று தள்ளிவைத்தால் அந்த நாள் வரும்போது வேறு காரணம் வரும். அடுத்த வாரம் நண்பன் கல்யாணம் என்றால் அதற்கு மறுநாள் வையுங்கள், கல்யாணத்துக்கு முதல் நாள் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த நிமிடமே பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றினால், நாள் பார்க்காமல் போடுங்கள். பிரிட்டனில் 2006இல் வந்த ஓர் ஆய்வில், விடும் முயற்சிகளில் ஏறக்குறைய பாதி முன்திட்டம் எதுவும் இல்லாமல் நடந்தவை, அப்படி விட்டவர்கள் ஆறு மாதம் தாண்டியதும் திட்டமிட்டவர்களைவிட அதிகம். உள்ளே ரொம்ப நாளாகச் சேர்ந்துகொண்டிருக்கும் அதிருப்தி ஒரு சின்னச் சம்பவத்தில் பற்றிக்கொள்கிறது. அந்த நொடி வந்தால் அதை வீணாக்க வேண்டாம்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா? சுமார் 700 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஆறு மாதம் கழித்து ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 22 சதவீதமும், குறைத்துக்குறைத்து நிறுத்தியவர்களில் 15.5 சதவீதமும் பிடிக்காமல் இருந்தார்கள். ஒரே நாளில் நிறுத்துவதுதான் என் சிபாரிசும். முதல் நாள் ராத்திரி மிச்சமிருக்கும் சிகரெட், லைட்டர், ஆஷ்ட்ரே எல்லாம் வீட்டைவிட்டுப் போகட்டும், வண்டியின் டேஷ்போர்டையும் பாருங்கள்.

படி 7: யாரிடம் சொல்வது, எதைப் பணயம் வைப்பது

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, மூன்று பேர் போதும். வீட்டில் ஒருவர், உங்களோடு டீக்கடைக்கு வருபவர்களில் ஒருவர், ஏற்கெனவே விட்ட ஒருவர். டீக்கடை நண்பரிடம் "எனக்குக் குடுக்காதடா, நான் கேட்டாலும் குடுக்காத" என்று நேரடியாகச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் அந்தக் கடைக்கே போகாமல் இருப்பது இன்னும் நல்லது. நண்பர்களை விட வேண்டாம், சந்திக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள், புகைக்க முடியாத ஹோட்டலுக்குள் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

பிலிப்பைன்ஸில் ஒரு வங்கியின் மூலம் ஒரு சோதனை நடத்தினார்கள். விட விரும்புகிறவர் ஆறு மாதம் பணம் போட்டு வர வேண்டும், முடிவில் சிறுநீரில் நிக்கோட்டின் இல்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்கும், இருந்தால் தர்மத்துக்குப் போய்விடும். இந்த ஏற்பாடு முன்வைக்கப்பட்டவர்களில் விட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தார்கள், பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு வருடம் கழித்துத் திடீரென்று சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. நாம் இதை வீட்டிலேயே செய்யலாம். தினமும் சிகரெட் காசைத் தங்கச்சியிடமோ நம்பிக்கையான நண்பரிடமோ கொடுத்து வையுங்கள், ஆறு மாதம் தாண்டினால் உங்களுக்கு, தவறினால் கோயிலுக்கோ முதியோர் இல்லத்துக்கோ. தபால் ஆபீஸில் ஆர்.டி. போட்டாலும் சரி, சீட்டுப் பழக்கம் உள்ளவர்கள் புதுசாக ஒரு சீட்டுச் சேர்ந்தாலும் சரி. மாதம் பிறந்தால் கட்டியே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் அந்தக் காசு பெட்டிக்கடைக்குப் போகாது.

படி 8: உதவி எடுத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்

தேசிய புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் இந்த எண் அச்சாகி வருகிறது, கையில் வைத்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருப்போம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம், திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை. உங்கள் பழக்கத்தைக் கேட்டு நாள் குறிக்க உதவி செய்வார்கள், விட்ட பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டும் விசாரிப்பார்கள். நேரில் போக விரும்பும் சென்னைக்காரர்களுக்கு, 2002இல் நாட்டில் முதலில் தொடங்கிய புகையிலை விடுப்பு மையங்களில் ஒன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில்தான் அமைந்தது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலோ நெஞ்சகப் பிரிவிலோ கேளுங்கள், பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பார்க்கிறார்கள்.

நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். இதை வாங்கி "வேலைக்கு ஆகல" என்று தூக்கிப் போட்ட பலர், சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று விழுங்கியவர்கள். மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள், நாக்கில் சுருக்கென்று காரம் வந்ததும் நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள், காரம் போனதும் திரும்ப மெல்லுங்கள், இப்படி அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, ஜூஸ், சோடா வேண்டாம், அவை நிக்கோட்டின் வாயில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். காலையில் கண் விழித்ததும் பிடிப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதற்கு டாக்டரைப் பாருங்கள். வரெனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் டாக்டர் சீட்டோடு உண்டு. வரெனிக்ளினை விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஆரம்பித்துச் சாதாரணமாக 12 வாரம் கொடுப்பார்கள். கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் எதையும் தாங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

வேப், இ-சிகரெட் பக்கம் போகாதீர்கள், 2019இலிருந்து இந்தியாவில் அதன் விற்பனையே தடை, கள்ளத்தனமாக விற்பதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிகரெட்டுக்குப் பதில் வாயில் அடக்கும் புகையிலைப் பாக்கெட்டுக்கு மாறுவதும் விட்டது ஆகாது.

படி 9: முதல் வாரம்

ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடம்தான், அலை மாதிரி ஏறி இறங்கிவிடும். அந்தச் சில நிமிடத்துக்கு வாயிலும் கையிலும் ஏதாவது வேண்டும்: ஏலக்காய், கிராம்பு, வறுத்த சோம்பு, நெல்லிக்காய், ஒரு சொம்பு தண்ணீர், யாருக்காவது ஒரு போன். உங்கள் மூன்று நாள் கணக்கை எடுத்துப் பார்த்து, தவிப்பு வரப்போகும் நேரங்களுக்கு முன்பே தயாராக இருங்கள். சாப்பிட்டு முடித்ததும் உட்காராமல் எழுந்து பல் துலக்குங்கள், அல்லது தெருமுனை வரை நடங்கள், பெட்டிக்கடை இல்லாத தெருமுனையாக.

காபி பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி காஃபீனை வேகமாக வெளியேற்றுகின்றன. விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும், வழக்கமான நான்கு டம்ளர் காபி எட்டு டம்ளர் மாதிரி வேலை செய்யும். தூக்கம் வராது, படபடப்பு வரும், அதை நிக்கோட்டின் தவிப்பு என்று நினைத்து ஒரு சிகரெட்டைத் தேடுவோம். விடும் நாளிலிருந்து காபியையும் டீயையும் பாதியாக்குங்கள். சில மருந்துகளுக்கும் இதே நிலைதான், தினசரி மாத்திரை எடுப்பவர்கள் விடப்போவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வாய்ப்புண், மலச்சிக்கல், எரிச்சல், கனவுகள், சிலருக்கு இருமல் அதிகமாவது, இவையெல்லாம் வந்து போகும். வாழைப்பழம், கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர். எடை ஏறலாம், ஒரு வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ என்கிறார்கள். அதற்குப் பயந்து விடாமல் இருப்பது நியாயமே இல்லை. ஆனால் சிகரெட்டை விடும் அதே வாரத்தில் டயட்டையும் ஆரம்பிக்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்று. மனச்சோர்வு நாட்கணக்கில் விலகாமல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள்.

படி 10: இரண்டாவது மாதம், மூன்றாவது மாதம்

முதல் வாரத்தில் வீடே கைதட்டும். இரண்டாவது மாதத்தில் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள், உங்களுக்கும் பெருமை பழகிப்போயிருக்கும், அப்போதுதான் "ஒண்ணே ஒண்ணு, இனிமேதான் நமக்குக் கண்ட்ரோல் இருக்கே" என்று தோன்றும். பெரும்பாலும் அது தண்ணியடிக்கும் இடத்தில், அல்லது சாவு வீட்டில், அல்லது பெரிய சண்டை ஒன்றுக்குப் பிறகு நடக்கும். முதல் மூன்று மாதம் குடிக்கும் கூட்டத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், முடியாவிட்டால் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள்.

ஊக்கம் குறைகிற இந்த நேரத்துக்கென்று நோட்டை வைத்திருங்கள். முதல் படியில் போட்ட கோட்டை மாதம் ஒரு தடவை திரும்பப் போடுங்கள். நம்பிக்கை 2இல் ஆரம்பித்தவருக்கு இப்போது 7 வந்திருக்கும், அதைக் கண்ணால் பார்ப்பது பெரிய பலம். மாடிப்படி ஏறிப் பார்ப்பது, சேர்ந்த பணத்தை எண்ணிப் பார்ப்பது இவற்றையும் எழுதுங்கள். ஒரு காரணம் தேய்ந்துபோனால் புதுசாக ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்கு முன்பு விட்டவருக்கும் குழந்தை பிறந்த பிறகு தொடர்பவருக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டியதில்லை.

தவறி ஒன்று பிடித்துவிட்டால்? "போச்சு, எல்லாம் போச்சு" என்று மிச்சப் பாக்கெட்டையும் முடிக்கிறார்கள் பாருங்கள், அந்த எண்ணம்தான் ஆபத்து. அந்த ஒன்றோடு நிறுத்தி, எங்கே, யாரோடு, எதனால் என்று நோட்டில் எழுதி, நீங்கள் சொல்லி வைத்த மூவரில் ஒருவரை அன்றைக்கே கூப்பிடுங்கள். தினம் பிடிக்கிற நிலைக்குத் திரும்பிவிட்டாலும், அடுத்த முயற்சிக்கு ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை, போன தடவை எங்கே வழுக்கியதோ அந்த இடத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்துகொண்டு அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம்.

நீங்கள் புகைப்பவர் இல்லை, வீட்டில் ஒருவருக்காகப் படிக்கிறீர்கள் என்றால்

அழுவதும் சத்தியம் வாங்குவதும் அவரை ஒளிந்து பிடிக்கத்தான் வைக்கும். நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்து, அந்த 0 முதல் 10 கேள்வியைக் கேளுங்கள், அவர் என்ன எண் சொன்னாலும் முகம் சுளிக்காமல் "ஏன் அதுக்கும் கீழ சொல்லல?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாமல் இருங்கள். அவர் விட்ட முதல் வாரத்தில் எரிந்து விழுந்தால் அதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். "இதுக்கு நீங்க பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்று மட்டும் எந்தக் கோபத்திலும் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்குள் பிடிக்கக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் கறாராக வைக்கலாம், குழந்தைகளுக்காக அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. 1800-11-2356ஐ அவருடைய போனில் அவரிடம் கேட்டுவிட்டுப் பதிந்து கொடுங்கள், கூப்பிடுவது அவராக இருக்கட்டும்.